நான்காம் ஆண்டில் ஒரு பாடத்தாள் வேண்டும்: கவின்கலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும், சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நூல் அட்டை, உள்ளோவியம், குழந்தைகளுக்கான படநூல், சுவரோவியம் என்று, எங்கும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல் ஓவியத்தையே தொழிலாகக் கொண்ட சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். பட்டம் முடித்து வெளியே வரும் பிள்ளைகள் எங்களைப் போன்றவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு அட்டைப்படத்துக்கு எவ்வளவு கேக்கலாம்?" அடுத்த கேள்வி சில மாதம் கழித்து வரும்: "படத்தக் கொடுத்து நாலு மாசம் ஆச்சு, பணம் இன்னும் வரலை, என்ன பண்றது?" நான்கு ஆண்டு படித்து, உடற்கூற்றையும் வண்ணத்தையும் கைவசப்படுத்திய ஒருவருக்கு இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் போகக் கூடாது. இவை கற்றுத்தரக் கூடியவை. ஒரு பருவம், 45 மணி நேரம் போதும். எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதையே இங்கே விவரமாக எழுதுகிறோம். ஏட்டளவில் இப்படி ஒரு தாள் ஏற்கெனவே இருந்தாலும், அது மாணவர் கைக்கு வந்து சேரவில்லை என்பதை அவர்கள் கேட்கும் கேள்விகளே காட்டுகின்றன.

பிழைப்பைப் பற்றிப் பேசினால் கலை கெட்டுவிடும் என்ற தயக்கம் வகுப்பறைகளில் இருக்கிறது. உங்கள் வீட்டு வரலாறே அதற்கு விடை சொல்கிறது. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய பள்ளி (இன்றைய சென்னைக் கவின்கலைக் கல்லூரி), கைத்தொழிலையும் ஓவியத்தையும் ஒன்றாகவே பார்த்தது. அங்கே பயின்ற சி. கொண்டையராஜு கோவில்பட்டியில் இருந்துகொண்டு வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகள் வழியாக வீடுதோறும் போய்ச் சேர்ந்தன. அதே கல்வி நிலையத்தின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, ஈஞ்சம்பாக்கத்து மணலில் நிலம் வாங்கப் பணம் கொடுத்தது மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களின் விற்பனை. பகலில் பாத்திக் செய்த கைதான் நவீன ஓவியத்தையும் வரைந்தது. அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு மாணவருக்குச் சொல்லித்தரப்படாமல் நடுவில் எங்கோ விட்டுப்போயிற்று.

விலையில் தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறும் அங்கிருந்துதான் கிளைக்கிறது. புதிதாக வருபவர் "மத்தவங்க எவ்வளவு வாங்குறாங்க?" என்று விசாரித்து, அதிலிருந்து கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார். தன் ஒரு நாள் உழைப்புக்கு என்ன செலவாகிறது என்பது அவருக்கே தெரியாது. அதை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஓர் எடுத்துக்காட்டு: வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. கணினியும் வரைபலகையும் சேர்ந்து 1,20,000. நான்கு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு 30,000. மென்பொருள், இணையம், மின்சாரம் 36,000. தாள், வண்ணம், பயணம் 24,000. மருத்துவக் காப்பீடு 18,000. வேலை இல்லாத மாதங்களுக்கும் வரிக்கும் எடுத்துவைப்பது 72,000. கூட்டினால் 5,40,000.

இதை 365-ஆல் வகுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஞாயிறு 52, பண்டிகையும் காய்ச்சலும் ஒரு முப்பது நாள் என்று கழித்தால் மீதி 283. அதிலும் பாதிக்கு மேல் வேலை தேடுவது, விலைப்புள்ளி எழுதுவது, அச்சகத்துக்கு நடப்பது, பாக்கி கேட்பது, புதியது பழகுவது என்று போய்விடும். காசு கிடைக்கும் நாள் 135 தேறினாலே நல்ல ஆண்டு. 5,40,000-ஐ 135-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 4,000 ரூபாய். கையெழுத்துப் படியைப் படித்து மாதிரி வரைய ஒரு நாள், முடித்த ஓவியத்துக்கு ஒன்றரை நாள், திருத்தத்துக்கு அரை நாள் என்று ஓர் அட்டை மூன்று நாள் கேட்டால், அதன் அடக்கம் 12,000.

"தமிழ்ப் பதிப்பகம் யார் சார் பன்னிரண்டாயிரம் குடுப்பாங்க?" என்று மாணவர் உடனே கேட்பார். நியாயமான கேள்வி. கணக்கின் பயன் இங்கேதான் இருக்கிறது. ஒரு பதிப்பகம் 4,000 தருவதாகச் சொன்னால், அது ஒரு நாள் வேலைக்கான பணம் என்று இப்போது தெரியும். ஒரு நாளில் முடிகிற எளிய கோட்டோவியமாகத் தரலாம். ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் ஓவியத்தை ஒரு பதிப்புக்கு மட்டும் பயன்படுத்த அனுமதிக்கலாம். மூன்று மாதிரிக்குப் பதில் ஒரே மாதிரி, ஒரே திருத்தம் என்று வரையறுக்கலாம். அந்த எழுத்தாளர் மேல் கொண்ட மதிப்பினால் நட்டத்துக்கே செய்து கொடுக்கவும் செய்யலாம். ஆனால் நட்டம் எவ்வளவு என்று தெரிந்து செய்வார். விலையைக் குறைக்கும்போது வேலையையோ உரிமையையோ சேர்த்துக் குறைக்க வேண்டும் என்ற ஒரு பழக்கம் வந்துவிட்டால், முதல் இரண்டு ஆண்டிலேயே தொழிலை விட்டுப்போகும் பிள்ளைகள் பலர் நிலைத்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறோம்.

அடுத்தது உரிமை. இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் கேட்கிறோம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி படைத்தவரே முதல் உரிமையாளர் என்று மட்டும் மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும் 17-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒருவர் பணம் கொடுத்து, தாம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒளிப்படம் எடுக்கச் செய்தாலோ, ஓவியமோ உருவப்படமோ வரையச் செய்தாலோ, மாறான உடன்பாடு ஏதும் இல்லாதபோது பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். எழுத்தாளருக்கு இல்லாத இந்த ஆபத்து ஓவியருக்கு உண்டு. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அட்டைப்படம் வரைந்து கொடுத்துவிட்டு, பிறகு அதே படம் பையிலும் குவளையிலும் அச்சாகி வந்தால், சண்டை போடக் கால் ஊன்ற இடம் இருக்காது. "பதிப்புரிமை ஓவியருக்கே. இந்த நூலின் தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி" என்று மின்னஞ்சலில் எழுதி, வேலை தொடங்கும் முன் எதிர்த்தரப்பின் "சம்மதம்" என்ற பதிலை வாங்கிவிட்டால் நிலைமையே வேறு.

உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற துணிவு இருபத்திரண்டு வயதில் எல்லோருக்கும் வராது. ஆனால், "இதுக்கு வேற விலை ஆகும்" என்று சொல்லலாம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். ஓவியத்தைச் செயற்கை நுண்ணறிவைப் பழக்குவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியையும் இப்போது சேர்த்து எழுதுவது நல்லது.

உரிமையையே விற்றுவிட்ட பிறகும் ஓவியரிடம் தங்குவது 57-ஆம் பிரிவு: தன் பெயரைக் கோரும் உரிமை, படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமை. டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தம் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் நடத்திய வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சிற்பத் துறை மாணவர் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும். துகில் வடிவமைப்புத் துறைக்கு 15-ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதியத்தக்க ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, அதை இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். ஒரு புடவைக் கரை வடிவம் ஒரே வாரத்தில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். ஆகவே, தறிக்குப் போகும் முன்பே பதிவா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் என்றதும் முத்திரைத்தாள், வழக்கறிஞர் என்று பயப்பட வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு வரி மின்னஞ்சல் போதும். என்ன படம், எத்தனை, எந்த அளவு. மாதிரி எத்தனை, திருத்தம் எத்தனை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. முடித்த கோப்பு எந்த வடிவில். எந்தத் தேதி. முன்பணம் 50 விழுக்காடு, மீதி எப்போது. நடுவில் வேலை நின்றுபோனால் எவ்வளவு. மாதிரியோடு நின்றால் மொத்தத்தில் கால் பங்கு, முடித்த பிறகு வேண்டாம் என்றால் முழுத் தொகை என்று எழுதுவது எங்களிடையே வழக்கம். நூலின் விவரப் பக்கத்தில் "அட்டை ஓவியம்" என்று பெயர் வர வேண்டும் என்ற வரி. கையால் வரைந்ததானால் மூல ஓவியம் யாரிடம் இருக்கும் என்ற வரி. இவை எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பேசி முடிக்கப்படுவதுதான் இன்றைய பெரிய கேடு. ஆறு மாதம் கழித்து யார் என்ன சொன்னார் என்பதைத் தேடி எடுக்க முடியாது. பேசியதை அன்றே சுருக்கி, "இன்று பேசியபடி" என்று தொடங்கும் மின்னஞ்சலாக அனுப்பிவிடும் பழக்கத்தை வகுப்பிலேயே ஊட்டிவிடலாம்.

படத்தின் பகுதிகள் லேயர் எனத் தனித்தனி அடுக்காகப் பிரியும் பிஎஸ்டி கோப்பைக் கேட்டவுடன் கொடுத்துவிடுவதும் இன்னொரு கேடு. அட்டைக்குத் தேவை தட்டையாக்கிய அச்சுக் கோப்பு. லேயரோடு கொடுத்தால், அடுத்த நூலுக்கு அந்த மரத்தை மட்டும், அதற்கடுத்த நூலுக்கு அந்தப் பறவையை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். கொடுக்கவே கூடாது என்பதில்லை. அதற்குத் தனி விலை உண்டு, அவ்வளவே.

இனி அச்சு. ஓவியம் நன்றாக இருந்தும் அச்சுக்கு ஆகாத கோப்பைக் கொடுப்பதால் இரண்டாவது வேலை கிடைக்காமல் போனவர்கள் ஏராளம். டெம்மி அளவு நூல் என்றால் 5.5 × 8.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 140 × 216 மில்லிமீட்டர். முன்னட்டை, பின்னட்டை, முதுகு மூன்றும் ஒரே கோப்பு. முதுகின் தடிமனை ஊகிக்கக் கூடாது. 240 பக்கம் என்றால் 120 தாள். ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் என்று அச்சகம் சொன்னால் முதுகு 12 மில்லிமீட்டர். தாள் மாறினால் தடிமனும் மாறும் என்பதால், எந்தத் தாள் என்று முடிவான பிறகே முதுகைப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நகர்ந்து வந்து நிற்கும். அகலம் 140 + 12 + 140, சுற்றிலும் வெட்டில் போகும் கூடுதல் ஓரமாக (ப்ளீட்) 3 மில்லிமீட்டர், ஆக 298 × 222 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்றால் இது 3520 × 2622 பிக்சல். இந்தக் கணக்கை மாணவர் ஒருமுறை தன் கையால் போட்டுவிட்டால் பிறகு மறக்காது.

திரையின் வண்ண முறையான ஆர்ஜிபி-யில் ஒளிரும் பச்சையும் நீலமும், அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கே-யில் மங்கும். வரைந்து முடித்த பிறகு மாற்றி அதிர்ச்சி அடைவதைவிட, தொடக்கத்திலேயே அச்சு வண்ண முன்பார்வையைத் திறந்து வைத்துக்கொண்டு வரைவது நல்லது. சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு. நான்கு மையும் கலந்த கறுப்பில் வைத்தால், மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்ட்ரேஷன் மயிரிழை தப்பினாலும் சுழியும் புள்ளியும் அடைபட்டுப் போகும். தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் உரை அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நூல் பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே கதை. அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது தட்டச்சில் திருத்த முடியாத வெறும் வடிவமாக, மாற்றிவிட வேண்டும். மாற்றும் முன், எழுத்துப் பிழையை வேறொருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அட்டையில் எழுத்தாளர் பெயரிலேயே ஒற்றெழுத்து விட்டுப்போன நூல்கள் கடைகளில் இருக்கின்றன. கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதும், ஆவணமாகவோ இணைப்பாகவோ அனுப்ப வேண்டும் என்பதும் சின்ன விஷயந்தான். ஆனால் சுருங்கிய படமே அச்சாகி வந்துவிடுகிறது.

சுவரோவியத்துக்குக் கணக்கு வேறு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது சாரம் கட்டுவது, சுவரைச் சுரண்டிப் பட்டி பார்ப்பது, பிரைமர், வண்ணம், உதவியாள் கூலி, வெளியூரானால் தங்குமிடம் எல்லாம் யார் தலையில் என்று முதலிலேயே பிரித்து எழுத வேண்டும். சதுர அடி விலையில் எல்லாம் அடக்கம் என்று தலையாட்டிவிட்டால் கிடைத்த பணம் சாரத்துக்கே போய்விடும். புதுப் பூச்சுச் சுவரில் குறைந்தது 28 நாள் காய்ந்த பிறகே வண்ணம் ஏற வேண்டும். சிமென்ட்டின் காரமும் ஈரமும் அடங்கும் முன் அடித்தால் வண்ணம் வெளுக்கும், கொப்புளம் விட்டு உரியும். கடலோரச் சுவர்களில் உப்புப் பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை அடைத்த பிறகே காரத்தைத் தாங்கும் பிரைமர். உயரத்தில் வேலை என்றால் இடுப்புப் பட்டையும் விபத்துக் காப்பீடும் விலைப்புள்ளியிலேயே ஒரு வரியாக வர வேண்டும். இதைப் பேரத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் வேலை எடுக்காதீர்கள் என்று மாணவர்களிடம் ஆசிரியர்களே சொன்னால் அதன் மதிப்பு தனி.

ஆண்டின் ஓட்டத்தையும் சொல்லித்தர வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அட்டை வேலை ஒரே நேரத்தில் வந்து குவியும். அதே மூன்று மாதம் வடகிழக்குப் பருவமழை. சென்னையில் வெளிச்சுவரில் கைவைக்க முடியாது. ஆகவே இரண்டும் தெரிந்தவருக்கு ஆண்டு ஓரளவு நிரம்பும். புத்தகக் காட்சி முடிந்த பிப்ரவரியில் பதிப்பகங்கள் அமைதியாகிவிடும். நவம்பரில் வந்த பணத்தை ஏப்ரல் வரைக்கும் இழுக்கத் தெரியாதவர்தான் மே மாதம் எந்த விலைக்கும் சம்மதிக்கிறார். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதிலிருந்து வீட்டுக்கு மாதம் ஒரே தொகை என்ற ஏற்பாடு இதற்கு உதவும். வாய்ப்புக் கேட்டு எழுத வேண்டிய மாதம் ஜூலை, ஆகஸ்ட். டிசம்பரில் எழுதினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி எழுதும்போது அனுப்பும் தொகுப்பில் வகுப்பு ஆய்வோவியங்கள் இருக்க வேண்டாம். 12 முதல் 15 படங்கள், ஐந்து எம்பி-க்குள் ஒரே பிடிஎஃப், கைபேசியில் பார்த்தாலும் விளங்கும்படி. சிறுகதைக்கு வரையத்தான் ஆசை என்றால், யாரும் கேட்காமலே மூன்று கதைகளுக்கு வரைந்து சேர்க்க வேண்டும். தமிழ் நூல்களின் உள்பக்கம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால், தொகுப்பில் பாதியாவது கறுப்பு வெள்ளையில் இருப்பது பயன்.

வரி பற்றிச் சுருக்கமாக, ஏனெனில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆடிட்டரை அழைத்து இரண்டு வகுப்பு எடுக்கச் சொன்னால் போதும். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தொழில்முறைக் கட்டணமாக 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 10 விழுக்காடு டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழித்து அரசுக்குச் செலுத்தும் வருமான வரி) பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டாலோ, அது ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தாலோ 20 விழுக்காடு. பிடித்த பணம் தொலைந்துபோனது என்று பல பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அது அவர்கள் பெயரில் அரசிடம் இருக்கிறது. வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும். பிடித்தும் செலுத்தாத நிறுவனங்கள் உண்டு என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வசூலிக்கக் கூடாது. ஓவியத்தின் பதிப்புரிமையைப் பதிப்பாளருக்கு வழங்கும்போது, வரி கட்டும் பொறுப்பு பதிப்பாளர் மேலேயே ஏறும் விதியும் இருக்கிறது. ஆடிட்டரிடம் இதைக் குறிப்பாகக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

பாக்கி வசூலுக்கு வருகிறோம். மடலின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது கேள்வி இது. இந்தப் பகுதி தெரியாததால்தான் எங்கள் தொழிலில் அதிகக் கண்ணீர். சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006 ஓவியருக்கும் பொருந்தும். ஆதாரும் பானும் வைத்து அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் குறுந்தொழிலாக, சேவைப் பிரிவில் இலவசமாகப் பதியலாம். 2020 ஜூலை முதல் இந்த முறை. பதிந்தவருக்கு, எழுத்தில் உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்குள், உடன்பாடு இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. நாள் எப்போதிலிருந்து ஓடும் என்பதுதான் நுணுக்கம்: கோப்பை ஒப்படைத்த 15 நாளுக்குள் எதிர்த்தரப்பு எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். ஆகவே முடித்த கோப்பைத் தேதியோடு மின்னஞ்சலில் ஒப்படைப்பது அவசியம். பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் தேதிக்குச் சான்று இல்லை.

வேலை தொடங்கும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு பதிந்துகொண்டு பழைய பாக்கிக்கு உரிமை கேட்டால் நிற்காமல் போகலாம். பணம் வராதபோது செய்ய வேண்டியதை நாள் கணக்கில் வகுத்துக்கொள்ளலாம். கெடு முடிந்த மறுநாள் பில்லை இணைத்து ஒரு நினைவூட்டல். பத்து நாள் கழித்து ஓவியத் துறையை விட்டுக் கணக்குப் பிரிவுக்கு நேராக ஒரு மடல். அதற்கும் அசையாவிட்டால் சட்டத்தின் பெயரையும் வட்டியையும் குறிப்பிட்டு ஒன்று. வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் வந்த மாற்றத்தால், குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, கொடுக்கும் வரை அந்த நிறுவனம் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் முதல் வாரத்தில் இதை மென்மையாக நினைவூட்டினால் கணக்குப் பிரிவே பணத்தை அனுப்பிவிடுகிறது. கடைசி வழி, அரசின் இணையதளம் வழியாக, இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்தில் மனு. பெரும்பாலும் அதுவரை போகத் தேவைப்படாது. பில்லின் கீழே உத்யம் எண் அச்சாகியிருந்தாலே பதில் வரும் வேகம் மாறுகிறது.

நாங்கள் கேட்பது இது: ஏழாம் அல்லது எட்டாம் பருவத்தில், வாரம் 3 மணி, 15 வாரம். விலைக்கு 9 மணி, உரிமைக்கும் ஒப்பந்தத்துக்கும் 12, அச்சுக் கோப்புக்கு 9 (இதில் ஒரு முழு நாள் அச்சகத்தில், முதல் தாள் வெளிவருவதை நின்று பார்க்கும்படி), சுவர் வேலைக்கு 3, வரிக்கு 4, வசூலுக்கு 4, தொகுப்புக்கும் வாய்ப்புக் கேட்பதற்கும் 4. எழுத்துத் தேர்வு வேண்டாம். மாணவர் ஒவ்வொருவரும் பருவ முடிவில் ஒரு விலைப்புள்ளி, ஓர் உடன்பாட்டு மின்னஞ்சல், அச்சுக்கு ஆயத்தமான ஓர் அட்டைக் கோப்பு, ஒரு பில் என நான்கையும் ஒப்படைக்கட்டும். அட்டைக் கோப்பை அச்சக ஊழியர் ஒருவர் திறந்து பார்த்து மதிப்பெண் போடட்டும். சிற்பம், சுடுமண், துகில் துறையினருக்கு அட்டைக்குப் பதில் அவரவர் பொருளின் அடக்கக் கணக்கு.

கற்றுத்தருபவர்கள் இன்று தொழிலில் இருப்பவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சிறப்பு விரிவுரையாளர் ஊதியம் குறித்த நாளில் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். மாதிரி விலைப்புள்ளி, தமிழிலும் ஆங்கிலத்திலும் உடன்பாட்டு வாசகம், பில் படிவம், மூன்று கட்ட நினைவூட்டல் மடல் ஆகியவற்றை எழுதிவைத்திருக்கிறோம். கல்லூரி கேட்டால் அப்படியே தருகிறோம். எங்கள் பெயர் போட வேண்டியதில்லை. பாடத்திட்டம் திருத்த ஓராண்டு ஆகும் என்றால், அதுவரை சனிக்கிழமைகளில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் நான்கு வகுப்பு நடத்த ஓர் அறை ஒதுக்குங்கள். ஆகஸ்டுக்குள் நடந்தால், இந்த ஆண்டுப் புத்தகக் காட்சி வேலைக்கே அவர்கள் விலைப்புள்ளி அனுப்ப முடியும்.

அன்புடனும் மதிப்புடனும்,
சுயதொழில் ஓவியர்கள் சிலர்